தைத்த கவுன் உடம்பில் உட்காரவில்லை: பிடிப்பதா, பிரிப்பதா, விட்டுவிடுவதா?

கருநீலப் பருத்தியில் நானே வெட்டி நானே தைத்த கவுன் அது. இடுப்பில் ஒரு தையல், அரைக்கை, பின்னால் ஜிப், முழங்காலுக்குக் கீழே வரும் நீளம். கடைசி மடிப்பைக் கையால் தைத்து, இஸ்திரி போட்டு, கண்ணாடி முன்னால் நின்றேன். கழுத்து முன்பக்கம் மார்போடு ஒட்டாமல் எடுத்துக்கொண்டு நின்றது. கையைத் தூக்கினால் கவுன் மொத்தமும் கூடவே மேலே வந்தது. இடுப்புத் தையல் இடுப்பில் இல்லாமல் அதற்கு அரை இஞ்ச் கீழே தொங்கியது. டேப்பை எடுத்து அளந்தேன். என் மார்புச் சுற்றளவு 36 இஞ்ச், கவுன் 41.

என் தங்கை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு சைடும் கொஞ்சம் பிடிச்சுட்டா போதும்ல?" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. உடை லூஸ் என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அன்று அதைத்தான் செய்தேன், அது தவறான முடிவு. அதற்குப் பிறகு எத்தனையோ உடைகளைப் பிரித்துத் தைத்துவிட்டேன். எந்த வழி எங்கே சரிப்படும், எங்கே உடையையே கெடுக்கும் என்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும். சொந்தக் கையால் தைத்த உடையைத் தூக்கிப் போட மனசு வராது, அப்படியே போட்டுக்கொள்ளவும் மனசு வராது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன் துணியைப் பாருங்கள்

உடையைப் போட்டுக்கொண்டு, உள்ளே வழக்கமாக அணியும் உள்ளாடையோடு, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நில்லுங்கள். துணியில் விழும் மடிப்புதான் எல்லாவற்றையும் சொல்லும். படுக்கைவாட்டில் இழுத்துக்கொண்டு கோடு விழுந்தால் அந்த இடத்தில் துணி போதவில்லை. செங்குத்தாக மடிப்பு தொங்கினால் அங்கே அகலம் அதிகம். குறுக்காகச் சாய்ந்து கோடு ஓடினால், அந்தக் கோடு எந்த இடத்தை நோக்கிப் போகிறதோ அங்கேதான் கோளாறு. மார்பு நுனியை நோக்கி ஓடினால் முன்பக்கத்தில் மார்புக்கு இடம் பற்றவில்லை. தோளின் நுனியை நோக்கி ஓடினால் தோளின் சரிவு உங்கள் தோளோடு ஒத்துப்போகவில்லை. முதுகின் கீழ்ப்பகுதியில், இடுப்புக்குச் சற்று மேலே துணி சேர்ந்து குவிந்தால் அது அகலத்தின் கோளாறு இல்லை, பின்பக்க நீளம் அதிகம்.

எந்தத் தையலை எடுப்பது என்று முடிவு செய்யும் பார்வை இது. குண்டூசி குத்தும்போது உடையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு குத்துவார்கள் பலர். அப்படிப் போட்டால் உடையின் வலது பக்கம் உங்கள் இடது பக்கத்துக்கு வந்துவிடும். ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும் உடம்பென்றால் (பெரும்பாலோர் உடம்பு அப்படித்தான்) தவறான பக்கத்தைத் திருத்திவிடுவீர்கள். நேராகப் போட்டு வெளிப்பக்கமாகவே குண்டூசி குத்துங்கள், பிறகு அந்த அடையாளத்தைச் சாக்பீஸால் உள்ளே மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று இதற்கும் முன்னால்: துணியைத் துவைக்காமலே வெட்டித் தைத்திருந்தால், ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிட்டு அளந்து பாருங்கள். பருத்தி சுருங்கும். சற்று லூஸாக இருந்தது சரியாகவே ஆகிவிடலாம்.

பக்கவாட்டில் பிடிப்பது

இருப்பதிலேயே சுலபம் இதுதான். அரை மணி நேர வேலை, எதையும் வெட்ட வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம். தோள், கழுத்து, ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் வளைவு) எல்லாம் சரியாக உட்கார்ந்து, மார்பும் இடுப்பும் மட்டும் லூஸாக இருந்தால் தயங்காமல் இதைச் செய்யுங்கள்.

ஆனால் இதன் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கத் தையலை அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்தால் முன்துணியில் அரை, பின்துணியில் அரை, ஆக ஒரு பக்கத்தில் 1 இஞ்ச் போகிறது. இரண்டு பக்கமும் சேர்த்தால் 2 இஞ்ச். கால் இஞ்ச்தானே என்று பிடித்தாலே சுற்றளவில் 1 இஞ்ச் குறைந்துவிடும். அரை இஞ்சுக்கு மேல் பிடிக்க வேண்டியிருந்தால் நான் இந்த வழியை நம்புவதில்லை. முன்பக்க டார்ட்டுகள் (உடம்பின் வளைவுக்கேற்பத் துணியை ஊசிமுனையாக மடித்துத் தைப்பவை) பக்கத் தையலை ஒட்டிப் போய்விடும், பாக்கெட் இருந்தால் அதன் வாய் திரும்பிவிடும், ஆர்ம்ஹோலின் அடிப்பகுதியும் குறையும், அதற்கேற்ப கையையும் சுருக்க வேண்டிவரும். முழுக்க ஒட்டப் பிடித்துவிடுவதும் தவறு. இழுபடாத துணியில் மூச்சு விடவும் உட்காரவும் மார்புச் சுற்றளவுக்கு மேல் குறைந்தது 2 இஞ்சாவது கூடுதல் வேண்டும்.

என் கவுனுக்கு இரண்டு பக்கமும் அரை இஞ்ச் பிடித்தேன். இடுப்பு சிக்கென்று ஆனது. கழுத்து அப்படியே எடுத்துக்கொண்டு நின்றது. கை தூக்கினால் கவுன் முன்பைவிட அதிகமாக ஏறியது, ஏனென்றால் இப்போது அது உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறியது. தோளில் இருந்த கோளாறுக்குப் பக்கவாட்டில் வைத்தியம் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

டார்ட் எடுப்பது

அதிக அகலம் முதுகில் மட்டும் இருந்தால் பக்கத் தையலைத் தொடாமல் முதுகில் இரண்டு நீள டார்ட் எடுப்பதே மேல். தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஊசிமுனையாகத் தொடங்கி, இடுப்பில் அகலமாகி, கீழே மறுபடி ஊசிமுனையாக முடிய வேண்டும். நடு முதுகில் ஏற்கெனவே தையலோ ஜிப்போ இருந்தால் அங்கேயும் பிடிக்கலாம், ஆனால் ஜிப்பைப் பிரித்துத் திரும்பத் தைப்பது டார்ட்டைவிட இரண்டு மடங்கு வேலை. எதையும் வெட்டாமல், எப்போது வேண்டுமானாலும் பிரிக்கக்கூடிய திருத்தம் டார்ட் என்பதால், யோசனையாக இருப்பவர்களை முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். டார்ட்டின் நுனியில் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டித் தையல் போடாமல் நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சிடுங்கள். இல்லையென்றால் நுனி குமிழாக நிற்கும்.

தோளைப் பிரிப்பது

எல்லோரும் பயப்படும் வழி இது. ஆனால் உடம்பில் உட்காராத கவுன்களில் பாதிக்கு மேல் இதைத்தான் கேட்கின்றன என்பது என் அனுபவம். உடை தொங்குவது தோளில்தான். அங்கே தவறினால் அதற்குக் கீழே உள்ள கழுத்து, மார்பு, டார்ட், இடுப்பு எல்லாம் தவறான இடத்துக்கு இறங்கிவிடும்.

தோள் அளவு சரியா என்று பார்க்கக் கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் ஒரு சின்னக் குழி விழும். கை பொருத்திய தையல் அந்த இடத்தில் இருக்க வேண்டும். அதைத் தாண்டி வழிந்தால் தோள் அகலம் அதிகம். கழுத்துப் பக்கமாக உள்ளே ஏறியிருந்தால் தோள் பற்றவில்லை.

கை தூக்கினால் உடை ஏறும் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அக்குளில் இன்னும் ஆழமாக வெட்டிவிட்டால் கை தாராளமாக அசையும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஆர்ம்ஹோல் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கை அவ்வளவு கீழே உடையோடு கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கையைத் தூக்கும்போது அது கயிறு கட்டி இழுத்த மாதிரி உடையை மேலே இழுக்கிறது. அக்குளுக்கு நெருக்கமாக ஆர்ம்ஹோல் இருந்தால்தான் உடை அசையாமல் கை மட்டும் அசையும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தையலே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

கருநீலக் கவுனைப் பக்கத்தில் பிடித்ததைப் பிரித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தோளிலும் துணியைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தேன். அரை இஞ்ச் தூக்கியதும் கழுத்து மார்போடு படிந்தது. இடுப்புத் தையல் இடுப்புக்கு வந்தது. அக்குளில் தொங்கிய துணி காணாமல் போனது. மூன்று கோளாறும் ஒரே இடத்தில் சரியானதைப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

செய்து முடிக்க இரண்டு மாலை ஆனது. முதல் மாலை முழுக்கப் பிரிப்பதிலேயே போயிற்று. இரண்டு கையையும் முழுதாக எடுக்க வேண்டும், கழுத்துப்பட்டியைத் தோள் தையலின் இருபுறமும் ஓர் இரண்டு இஞ்சுக்குப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஒரு பக்கத்தில் மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டு போய், மறுபக்க நூலை மெல்ல உருவினால் துணிக்கு ஒன்றும் ஆகாது. கழுத்து வளைவைப் பிரித்தவுடனே ஓரத்தை ஒட்டி ஒற்றை நூலோட்டம் போட்டுவிடுங்கள். வளைவாக வெட்டிய துணி கையாளும்போதே நெகிழ்ந்து, சரிசெய்ய வந்த கழுத்து இன்னும் பெரிதாகிவிடும்.

தோள் தையலை அரை இஞ்ச் கீழே தள்ளித் தைத்தால் முன்னால் அரை, பின்னால் அரை என்று ஆர்ம்ஹோல் சுற்றளவில் 1 இஞ்ச் குறையும். கையோ பழைய அளவிலேயே இருக்கும். அதை அப்படியே திணித்துத் தைத்தால் தோளில் சுருக்கம் விழும். கையின் அடித்தையலை அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்து அந்த 1 இஞ்சைச் சரிக்கட்டினேன். கழுத்துப்பட்டியையும் அதே அளவு குறைத்தேன். மார்பு டார்ட்டின் முனையும் அரை இஞ்ச் மேலே ஏறியிருந்தது. எனக்கு முன்பு அது தாழ்வாக இருந்ததால் சரியாக அமைந்தது. உங்களுக்கு ஏற்கெனவே சரியாக இருந்தால் டார்ட்டையும் பிரித்துத் தாழ்த்த வேண்டிவரும். கடைசியில் ஆர்ம்ஹோலுக்கு 2 இஞ்ச் கீழே தொடங்கி இடுப்பு வரை பக்கத்தில் கால் இஞ்ச் மட்டும் பிடித்தேன். இப்போது அந்தக் கவுனைத்தான் அதிகம் உடுத்துகிறேன்.

கழுத்து மட்டும்தான் எடுத்துக்கொண்டு நிற்கிறது, மற்றதெல்லாம் சரி என்றால் இவ்வளவு தேவையில்லை. கையைத் தொடாமல், தோள் தையலில் கழுத்து முனையில் மட்டும் கால் அல்லது அரை இஞ்ச் பிடித்து, தோள் நுனிக்குப் போகப்போக ஒன்றுமில்லாமல் முடித்துவிடலாம். கழுத்துப்பட்டியை மட்டும் சற்றுச் சுருக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை.

பின்னிடுப்பில் துணி குவியும் கோளாறுக்கும் இடுப்பில் தையல் இருக்கும் உடையென்றால் நல்ல வழி உண்டு. அந்தத் தையலைப் பின்பக்கம் மட்டும் பிரித்து, மேல் பாகத்தை நடு முதுகில் அரை இஞ்ச் மேலே தூக்கி, பக்கத் தையலுக்கு வரும்போது பழைய இடத்திலேயே சேரும்படி தைத்துவிடலாம். தோளிலிருந்து கீழ்வரை ஒரே துணியாக வெட்டிய உடையில் இதைச் செய்ய முடியாது.

சின்னதாகிவிட்டால்

லூஸான உடையில் துணி இருக்கிறது, டைட்டான உடையில் இல்லை. அதனால் முதலில் உள்ளே துணி விட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். முக்கால் இஞ்ச் விட்டிருந்தால் கால் இஞ்சை ஓரத்துக்கு வைத்துக்கொண்டு அரை இஞ்ச் வெளியே விடலாம். அதே கணக்குதான், சுற்றளவில் 2 இஞ்ச் கிடைக்கும். ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் மெஷின் தையல் போட்டு ஓரத்தை வெட்டியிருந்தால் ஒன்றும் கிடைக்காது. பல முறை துவைத்து வெளுத்த உடையென்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். உள்ளே மறைந்திருந்த துணி வெளுக்காமல் பழைய நிறத்திலேயே இருக்கும். விட்டுத் தைத்தால் பக்கவாட்டில் நீளமாக ஓர் அடர்ந்த கோடு தெரியும்.

துணி போதாவிட்டால் பக்கத்தில் துண்டு வைப்பது அடுத்த வழி. நான் இதை மனதார ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: அக்குளில் மட்டும் ஒட்டுப்போடாமல், அக்குளிலிருந்து கீழ் மடிப்பு வரை நீளமாக ஒரே பட்டியாக வையுங்கள். 3 இஞ்ச் பற்றவில்லை என்றால் பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச், இருபுறத் தையலுக்கும் அரை அரை சேர்த்து இரண்டரை இஞ்ச் அகலப் பட்டி. பட்டியின் நீளவாட்டம் (நெடுக்கு இழை போகும் திசை) உடையின் நீளவாட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். மாறினால் துவைத்த பிறகு பட்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதே துணியில் மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் கிட்டத்தட்ட அதே நிறத்தைத் தேடி அலையாதீர்கள், நெருங்கி வந்து பொருந்தாத நிறம்தான் கண்ணை உறுத்தும். தெளிவாக வேறான நிறத்தில், அதே கனமுள்ள துணியில் வைத்து, அதே துணியில் கழுத்துக்கோ கைக்கோ ஓர் ஓரப்பட்டியும் கொடுத்துவிட்டால் முதலிலேயே அப்படித் தைத்த மாதிரி இருக்கும்.

பட்டி வைத்தும் தீராத கோளாறு ஒன்று உண்டு. தோள் பற்றாத உடை. அகன்ற தோளைக் குறைக்கலாம், குறுகிய தோளில் துணியைச் சேர்க்க வழியில்லை. கையை எடுத்துவிட்டுக் கையில்லாத கவுனாக மாற்றினால் சில சமயம் தப்பிக்கும். மார்புக்கு இடம் பற்றாமல் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் உடையும் இதே வகைதான். அங்கே தேவைப்படுவது அகலம் மட்டும் இல்லை, நீளமும். அதைப் பேப்பரில் அளவு வரைந்து வெட்டும்போதே கொடுத்திருக்க வேண்டும். இந்த இரண்டிலும் மேல் பாகத்தைப் புதிதாக வெட்டுவது, அல்லது உடையை வேறொன்றாக மாற்றுவது, இவைதான் மிச்சமிருக்கும் வழிகள். புதிதாக வெட்டப் போதிய துணி இருந்தால் முதலில் ஒரு பழைய பெட்ஷீட்டில் மேல் பாகத்தை மட்டும் வெட்டி நூலோட்டித் தைத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் முறையும் அதே தவறோடு வெட்டுவதுபோல வேதனை எதுவுமில்லை.

தையல்காரரிடம் கொடுப்பதா?

லைனிங் உள்ள உடை, சாட்டின், மெல்லிய பட்டு, வெல்வெட் என்றால் கொடுத்துவிடுங்கள். சாட்டினிலும் மெல்லிய பட்டிலும் பிரித்த இடத்தில் ஊசித் துளை அப்படியே நிற்கும். பருத்தியில் ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டாலோ ஒருமுறை துவைத்தாலோ மறைந்துவிடும். சந்தேகமிருந்தால் உள்ளே தெரியாத இடத்தில் ஓர் இஞ்ச் பிரித்து, ஈரம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துளை மறையவில்லையென்றால் வெளியே விடும் எந்தத் திருத்தமும் வேண்டாம். முதுகில் கோளாறு இருந்து, வீட்டில் குண்டூசி குத்த ஆளில்லை என்றாலும் கொடுப்பதே நல்லது, தன் முதுகைத் தானே பார்க்க முடியாது.

கொடுக்கும்போது "சைடு பிடிச்சுடுங்க" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம், அவரும் சொன்னதைச் செய்துவிடுகிறார். அப்படிச் சொல்லாமல், உடையைப் போட்டுக்கொண்டு நின்று, கையைத் தூக்கிக் காட்டி, உட்கார்ந்து காட்டி, எங்கே என்ன தொந்தரவு என்று மட்டும் சொல்லுங்கள். என்ன செய்வது என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

உடையை வேறொருவர் உங்களுக்காகத் தைத்துக் கொடுத்திருந்தால் கத்திரியை எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உள்ளே எவ்வளவு விட்டிருக்கிறார், துணி மிச்சம் இருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். பெரும்பாலும் அவரே "கொண்டா, நான் சரி பண்ணித் தரேன்" என்பார்.

என் தங்கைக்கு நான் தைத்த பூப்போட்ட கவுன்தான் தோள் பற்றாமல் போனது. அளவெடுத்து ஒரு வருடம் கழித்துத் தைத்தேன், அது என் தவறு. பக்கத்தில் துண்டு வைத்துப் பார்த்தோம், தோளில் இருந்த இழுப்பு போகவில்லை. கையை எடுத்துப் பார்த்தோம், ஆர்ம்ஹோலின் ஓரம் கழுத்துப் பக்கமாகவே நின்றது. கொஞ்ச நேரம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவளே, "பாவாடை பாகம் நல்லாத்தானே இருக்கு அக்கா, அதை மட்டும் எடுத்துக்கறேன்" என்றாள். இடுப்புத் தையலைப் பிரித்து, மேல் பாகத்தின் பின் துண்டுகளிலிருந்து இரண்டு பட்டி வெட்டி, ஒன்றாக இணைத்து ஸ்கர்ட்டுக்கு இடுப்புப் பட்டியாக வைத்தோம். பழைய ஜிப்பின் கீழ்ப்பாதி அப்படியே பயன்பட்டது. முன் துண்டை மட்டும் வெட்டாமல் மடித்துத் துணிப்பெட்டியில் வைத்திருக்கிறேன், அதில் ஒரு பாக்கெட் வேண்டுமாம்.